குப்பை ஒப்பந்தத்தில் எதை அளக்கிறோம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் குப்பை அள்ளும் பணியை மாநகராட்சியே நடத்த வேண்டுமா, தனியாரிடம் விடலாமா என்ற விவாதம், 2025 ஆகஸ்ட்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை எதிரே நடந்த போராட்டத்துக்குப் பிறகும் ஓயவில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் பணி தனியாருக்கு விடப்பட்டதை எதிர்த்து, வெயிலிலும் மழையிலும் நடைபாதையில் அமர்ந்திருந்ததையும், உயர் நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியதையும் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மாதம் 23 ஆயிரம் ரூபாய் வாங்கியவர்களை 16 ஆயிரத்துக்கு இறக்குகிறார்கள் என்ற அவர்களது முறையீடும், பணிநிரந்தரக் கோரிக்கையும் நியாயமானவை என்றே கருதுகிறேன். ஆயினும், யார் அள்ளுவது என்று கேட்ட அளவுக்கு, எதை அளந்து பணம் கொடுக்கிறோம் என்று நாம் கேட்கவில்லை.

2000-ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் நிறுவனம் மூன்று மண்டலங்களில் இறங்கியதிலிருந்து இந்நகரம் பல ஒப்பந்தக்காரர்களைப் பார்த்துவிட்டது. தொடக்க கால ஒப்பந்தங்களில் டன் கணக்கில் பணம் கொடுக்கப்பட்டது. எடைக்குக் காசு என்றால், ஈரக் குப்பையும் தெருமண்ணும் கலந்து கனக்கும் லாரிதான் லாபம் தரும். வார்டுக்குள்ளேயே உரமாக்கி எடையைக் குறைப்பவருக்கு நட்டம்தான் மிஞ்சும். 2020-இல் உர்பேசர் சுமீத் நிறுவனத்துக்கு ஏழு மண்டலங்கள் ஒப்படைக்கப்பட்டபோது, எடைக்குப் பதிலாகச் செயல்திறன் அளவுகோல்களின்படி பணம் என்ற முறை வந்தது. அது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆனால் அந்த அளவுகோல்களில் ஒவ்வொரு மாதமும் எந்த வார்டு எத்தனை மதிப்பெண் பெற்றது, அதற்காக எவ்வளவு தொகை பிடிக்கப்பட்டது என்பதை வரி கட்டும் குடிமகன் தன் வார்டு அலுவலகச் சுவரிலேயே பார்க்க முடிய வேண்டாமா?

எங்கள் தெருவுக்கு வரும் பேட்டரி வண்டியில் மக்கும் குப்பைக்குப் பச்சைத் தொட்டியும், மக்காத குப்பைக்கு நீலத் தொட்டியும் தனித்தனியாக இருக்கின்றன. வண்டியோட்டி வரும் அம்மா, கட்டிப் போட்ட ஒவ்வொரு கேரி பேகையும் அவிழ்த்து, சாம்பார் வழியும் பால் கவரைத் தனியே உதறி எடுக்கிறார். செய்தித்தாளில் சுற்றாமல் வீசப்பட்ட உடைந்த கண்ணாடியும், டயாப்பரும் கைக்கு அகப்படுகின்றன. பிரித்துத் தராத நம் வீடுகளின் வேலையை அவர் கை செய்கிறது. இத்தனைக்குப் பிறகு தெருமுனையில் குப்பையை அழுத்தி ஏற்றும் கம்பாக்டர் லாரி வந்ததும், இரண்டு தொட்டிகளும் ஒரே வாய்க்குள் கவிழ்க்கப்படுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பிரித்துத் தரும் கடமையை வீட்டுக்காரருக்கு விதித்தன. பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுசெல்லும் பொறுப்பு உள்ளாட்சிக்கு உரியது. இரண்டாவது பாதி நடக்காதபோது முதல் பாதியை மக்களிடம் வற்புறுத்துவது கடினம்.

கலந்த குப்பையின் விலையை, நகரின் குப்பைக் கிடங்குகள் இருக்கும் கொடுங்கையூரும் பெருங்குடியும் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவருகின்றன. பெருங்குடியில் பழைய குப்பைமலையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் பணிக்குக் கோடிக்கணக்கில் செலவிட்டிருக்கிறோம். கொடுங்கையூரில் எரிஉலை வேண்டாம் என்று வடசென்னை மக்கள் போராடியிருக்கிறார்கள். சமையலறைக் கழிவின் ஈரம் கலந்த குப்பை சரியாக எரிவதும் இல்லை, நல்ல உரமாவதும் இல்லை. இந்த எளிய உண்மை ஒப்பந்த விதிகளில் ஏறாத வரை, மேலும் ஒரு மலையைத்தான் எழுப்பிக்கொண்டிருப்போம்.

எனவே, ஒவ்வொரு வார்டிலிருந்தும் மக்கும் குப்பை, மக்காத குப்பை தனித்தனியாக எடையிடப்பட்டு, கலந்து வந்த சுமைக்குத் தொகை பிடிக்கப்பட வேண்டும். மாநகராட்சி நேரடியாகப் பணி செய்யும் இடங்களிலும் இதே கணக்கு வெளியிடப்பட வேண்டும், ஏனெனில் அரசு செய்வதாலேயே ஒரு பணி சரியாக நடந்துவிடுவதில்லை. பணியாளரின் ஊதியம், வார விடுப்பு, வருங்கால வைப்புநிதி, கையுறை ஆகியவை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விடப்படாமல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டு, அவை நிறைவேறிய பின்னரே பட்டியல் தொகை விடுவிக்கப்பட வேண்டும். ஒப்பந்தத்தின் முழு வாசகத்தையும் தமிழில் வெளியிட்டு, அடுத்த பகுதி சபைக் கூட்டத்திலேயே மக்கள் முன் வைக்குமாறு மாநகராட்சி ஆணையரையும் மாமன்ற உறுப்பினர்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.