உருகினால் அது உருமாறிய பாறை இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மாணவர் பக்கத்தில் வந்த பாறைகள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். தீப்பாறை, படிவுப்பாறை இரண்டையும் பற்றி எழுதியதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, படங்களும் அருமை. ஆனால் உருமாறிய பாறைக்கு வந்ததும், பூமிக்கடியில் வெப்பத்தால் 'உருகி' வேறு பாறையாகிறது என்று போட்டுவிட்டீர்கள். அந்த ஒரு சொல் பாடத்தையே கவிழ்த்துவிடுகிறது. பாறை உருகினால் அது மாக்மா, ஆறி இறுகினால் தீப்பாறை, அவ்வளவுதான். உருமாற்றம் நடப்பது பாறை கெட்டியாக இருக்கும்போதே. நான் பல வருடம் நிலவியல் கற்பித்தவன். முதலாண்டு மாணவர்களில் பாதிப் பேர் இந்த 'உருகி'யை மனப்பாடம் செய்துகொண்டுதான் வகுப்புக்கே வருவார்கள், அதனால்தான் விடாமல் எழுதுகிறேன்.

தீப்பாறையான கிரானைட்டில் ஒரு துண்டையும் உருமாறிய பாறையான நைஸில் ஒரு துண்டையும் பக்கத்தில் வைத்து லென்ஸில் பாருங்கள். இரண்டிலும் அதே கனிமங்கள்தான்: கண்ணாடி போன்ற குவார்ட்ஸ், வெளுத்த ஃபெல்ட்ஸ்பார், மினுமினுக்கும் மைக்கா. கிரானைட்டில் இவை ஒழுங்கே இல்லாமல் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக்கொண்டிருக்கும், ஏனென்றால் மாக்மா ஆழத்தில் மெல்ல மெல்ல ஆறியதில் படிகங்கள் நாலா பக்கமும் வளர்ந்தன (அதே மாக்மா எரிமலை வழியாக வெளியே கொட்டியிருந்தால் சீக்கிரம் இறுகி, பொடிப்பொடிப் படிகங்களோடு ரயோலைட் ஆகியிருக்கும்). நைஸிலோ வெளுப்பும் கறுப்புமாக வரிவரியாக ஓடும். அழுத்தம் நசுக்க நசுக்க, மைக்காத் தகடுகள் ஒரே வாட்டத்தில் படிந்து வளர்ந்திருக்கும். முழுக்க உருகியிருந்தால் அந்த வரி எப்படி மிஞ்சும்?

இன்னும் நல்ல சாட்சி பலகைக்கல். கடலடியில் படிந்த சேறு களிப்பாறையாகி, அப்புறம் நசுங்கிப் பலகைக்கல் ஆகிறது. வேல்ஸ் பகுதியின் பலகைக்கற்களில் டிரைலோபைட் என்ற பழைய கடலுயிரின் புதைபடிவங்கள் இழுபட்டுக் கோணலாகக் கிடைக்கின்றன. கோணியிருக்கின்றன, அழியவில்லை.

சுண்ணாம்புக்கல் உருமாறிப் பளிங்காவதற்கு வெப்பம் மட்டும் போதாது. சுண்ணாம்புக்கல்லைத் திறந்த சூளையில் சுட்டால் கரியமில வாயு வெளியேறி, கையில் மிஞ்சுவது வெறும் சுட்ட சுண்ணாம்பு. பூமிக்கடியில் அழுத்தம் அந்த வாயுவைப் போக விடாது, அதனால் சுண்ணாம்புக்கல்லில் உள்ள கால்சைட் என்ற கனிமத்தின் துகள்கள் சேர்ந்து பெரிய படிகங்களாக வளர்ந்து பளிங்காகின்றன. ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் ஹால் சுண்ணாம்புப் பொடியைத் துப்பாக்கிக் குழலில் அடைத்து, வாயைக் கெட்டியாக மூடிக் காய்ச்சி, பளிங்கு போன்ற கல்லை எடுத்துக் காட்டினார். 1805-லேயே!

சரி, எல்லை எங்கே என்று பிள்ளைகள் கேட்பார்கள். உருமாற்றம் பெரும்பாலும் சுமார் 200 முதல் 800 டிகிரி செல்சியஸ் வரை நடக்கிறது. அந்த மேல் எல்லையை நெருங்கும்போது சில பாறைகள் கொஞ்சம் கொஞ்சமாக உருகத் தொடங்கும். பாதி உருகிய நிலையிலேயே இறுகிப்போன மிக்மடைட் என்ற பாறையும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். 'உருகி' என்பதை எடுத்துவிட்டு 'உருகாமலே' என்று மாற்றினால் போதும். இடம் இருந்தால், கிரானைட் படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு நைஸ் படமும் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்