மணலி, எண்ணூர் ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பொறியியல் கலந்தாய்வு நெருங்கிவிட்டது. என் மகளுக்குக் கெமிக்கல் இன்ஜினியரிங் படிக்க ஆசை. அந்தப் படிப்பு சோறு போடுமா என்று கேட்க, உங்களை விட்டால் எங்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? கலந்தாய்வுக்கு முன் ஒரே ஒரு நாள், பிளஸ் டூ முடித்த இந்தப் பகுதிப் பிள்ளைகளையும் பெற்றோரையும் உள்ளே விடுங்கள். உங்கள் கெமிக்கல் இன்ஜினியர்களை எங்களோடு பேச விடுங்கள்.

போன வாரம் மதிப்பெண் பட்டியல் நகலோடு ஓர் ஆலை வாசலுக்கு நானும் அவளும் போனோம். "கான்ட்ராக்ட் வேலைக்கா? ஆள் எடுக்கிறவர் காலையிலதான் வருவார், அவரைப் பாருங்கம்மா" என்றார் காவலாளி. விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவிலிருந்து அந்த வாசலுக்குப் போனவர்கள் வேறு எதற்குப் போயிருக்கிறார்கள்? பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் நேரத்தில் டேங்க் கழுவ, சாரம் கட்ட, மூட்டை தூக்க. என் மகள் எதுவும் பேசாமல் நகலை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எனக்குத்தான் ஆறவே இல்லை. அப்புறம் மெயில் போடச் சொன்னார்கள், போட்டோம். பதில் இல்லை.

1969-ல் மணலி சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியது. பிறகு உரம், பெட்ரோகெமிக்கல் என்று ஒவ்வொன்றாக வந்தன. அன்றிலிருந்து உங்கள் புகையை நாங்கள்தான் சுவாசிக்கிறோம். 2023 டிசம்பரில் மழை வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு, கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இத்தனையையும் தாங்குகிற ஊருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை கூடவா இல்லை?

அந்த இரவுக்குப் பிறகுதான் என் மகள் இந்தப் படிப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். "எந்த வால்வை மூடணும்னு தெரிஞ்சவங்க நம்ம ஊர்லயும் இருக்கணும்மா" என்றாள். கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து, 2019 முதல் மணலி ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள் அல்லவா, அதுவும் கெமிக்கல் இன்ஜினியர் வேலைதான் என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

சொந்தக்காரர்கள் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். டிப்ளமோ படித்தவர்களே போதும் என்று பி.டெக். படித்தவர்களை ஒதுக்குகிறீர்களா? பெண்களுக்கு நைட் ஷிஃப்ட் தருகிறீர்களா, தந்தால் வீடு திரும்ப வண்டி உண்டா? பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வை எழுதாதவருக்குப் பொதுத்துறையில் இடம் உண்டா? இதற்கெல்லாம் பதில் தெரியாமல் நான்கு வருடப் படிப்புக்குக் கடன் வாங்க எனக்குப் பயமாக இருக்கிறது. கல்லூரிக்காரர்களைக் கேட்டால் வேலை நிச்சயம் என்பார்கள். சீட்டு நிரம்ப வேண்டும் அவர்களுக்கு.

கோபத்தில் ஏதேனும் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவோடு கேட்கிறேன்: ஒரு நாள் உள்ளே விடுங்கள். கடந்த சில ஆண்டுகளில் கெமிக்கல் படித்த எத்தனை பேரை, என்ன வேலைக்கு, என்ன சம்பளத்தில் எடுத்தீர்கள், அவர்களில் வடசென்னைப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். கலந்தாய்வில் எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்ற விருப்பப் பட்டியலைப் பூட்டுவதற்கு முன் அது எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
திருவொற்றியூரிலிருந்து ஒரு தாய்