பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப் பக்கம் புது மோடம் பொருத்திய வீடுகளில் கைப்பேசி எல்லாம் வைஃபையில் சேர்ந்துகொள்கிறது, பிள்ளைகள் படிக்கும் பழைய லேப்டாப் மட்டும் சேர மாட்டேன் என்கிறது. கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்கிறார்கள். தோட்டச் சம்பளத்தில் அது சின்னக் காசா?

பல பழைய லேப்டாப்புகளுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே தெரியும், 5 கிகாஹெர்ட்ஸில் வரும் வைஃபை பெயர் அதன் திரையில் தோன்றவே தோன்றாது. மோடம் அமைப்புப் பக்கத்தில் (கைப்பேசி உலாவியில் தட்டவேண்டிய அதன் முகவரி பெரும்பாலும் மோடத்தின் அடியிலேயே ஒட்டியிருக்கும்) 2.4-ஐ இயக்கி, அதற்குத் தனிப் பெயர் வையுங்கள். பெயர் தெரிந்து, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018இல் வந்த டபிள்யூபிஏ3 (WPA3) என்ற பாதுகாப்பு முறை பல பழைய கருவிகளுக்குப் புரியாது, அதற்கு முந்தைய டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த கலப்பு முறைக்கு மாற்றிவிட்டு, அப்புறம் லேப்டாப்பில் பழைய இணைப்பை நீக்கி மறுபடி சேருங்கள். கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து மட்டும் வைக்காதீர்கள்.

அப்படியும் வராவிட்டால் லேப்டாப்பில் செருகும் சின்ன யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும், விலை சில பத்து ரிங்கிட்தான்.

இந்த மாதிரி விஷயங்களைத் தமிழில் விளக்க வாரம் ஒரு பத்தி ஒதுக்குங்கள் ஐயா.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்