இரண்டும் இரண்டும் ஐந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் சங்கத்தின் வரவு செலவை, ஆயிரங்களில், எக்செலில் போட்டுக் காட்டினேன். இரண்டும் இரண்டும் ஐந்து என்று இருந்தது. கூட்டமே சிரித்தது. எக்செல் மேல் தப்பில்லை. இரண்டு கட்டங்களிலும் இருந்தது 2.4, பார்க்க அழகாக இருக்கட்டும் என்று தசமத்தை மறைத்தது நான்தான். கூட்டுத்தொகை 4.8, ஐந்தாகத் தெரிந்தது. ஃபார்மேட் எண்ணின் தோற்றத்தைத்தான் மாற்றும், மதிப்பைத் தொடாது. மதிப்பையே முழு எண்ணாக்க ‘ரவுண்ட்’ சூத்திரம் போட வேண்டும்.

அப்புறம், 16 இலக்க எண்ணை அப்படியே அடித்தால் கடைசி இலக்கம் பூஜ்ஜியமாகிவிடும். எக்செல் 15 இலக்கம்தான் வைத்துக்கொள்ளும். அடிப்பதற்கு முன்பே கட்டத்தை ‘டெக்ஸ்ட்’ ஆக்க வேண்டும். பிறகு மாற்றினால், போன இலக்கம் போனதுதான். உங்கள் கணினிப் பக்கத்தில் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுங்களேன்.

இப்படிக்கு,
சங்கப் பொருளாளர் ஒருவர்