விதைப் பொட்டலத்தின் பின்பக்கம்: தோட்டக்கலைத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு தோட்டக்கலை மற்றும் மலைப்பயிர்கள் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என ஆறு வகை விதைகளை வீடுகளுக்குக் கொடுத்தீர்கள். நல்ல காரியம். அப்படி விதை வாங்கும் வீடு, அடுத்த பட்டத்துக்குத் தன் விதையைத் தானே எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. அதற்கு நான் கேட்பது புதுத் திட்டமும் இல்லை, கூடுதல் மானியமும் இல்லை. பொட்டலத்தின் பின்பக்கத்தில் சில வரிகள், அவ்வளவுதான்.

முதலில் ரகத்தின் பெயர் வேண்டும். அது ரகமா, இரண்டு வகைகளைக் கலந்து உருவாக்கிய வீரிய ஒட்டா என்பதும் பெரிய எழுத்தில் வேண்டும். பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கிய பி.கே.எம் 1 ஒரு ரகம். அதன் விதையைப் போட்டால் அதே தக்காளி வரும். வீரிய ஒட்டில் காய்த்த பழத்திலிருந்து விதை எடுத்தால், அடுத்த முறை செடிக்குச் செடி காய் மாறும். கெட்டுப்போகாது, ஆனால் நம்பி விதைக்கு விட முடியாது. வீட்டுத் தோட்டத்துக்குக் கொடுப்பது ரகமாகவே இருக்கட்டும் என்பது என் கட்சி. வணிகமாகப் பயிர் செய்பவருக்கு ஒட்டு விதையின் கூடுதல் விளைச்சல் தேவைப்படலாம். நான்கு பையில் செடி வளர்ப்பவருக்கு அதனால் பெரிதாக என்ன லாபம்?

அடுத்தது, எந்தக் காயை விதைக்கு விடுவது. பல வீடுகளில் நல்ல காயையெல்லாம் பறித்துச் சமைத்துவிட்டு, கடைசியில் வளைந்து சூம்பிக் கிடப்பதை விதைக்கு விடுகிறார்கள். இது தலைகீழ். தளதளவென்று வந்த செடியை, மஞ்சள் தேமல் நோய் பிடிக்காமல் நின்ற வெண்டையை, முன்கூட்டியே ஒரு துணிநாடா கட்டி அடையாளம் வைக்க வேண்டும். அதில் இரண்டு காயை வீட்டில் யார் கேட்டாலும் தொடக்கூடாது. (மாமியார் கேட்டாலும்தான்.) வெண்டையும் கொத்தவரையும் செடியிலேயே காய்ந்து சலசலக்க வேண்டும். கத்தரி மஞ்சளாகிப் பழுத்துத் தொய்ய வேண்டும். மிளகாய் நன்றாகச் சிவக்க வேண்டும். தக்காளியின் விதைக் கூழை ஒரு டம்ளரில் கொஞ்சம் தண்ணீரோடு இரண்டு நாள் வைத்து, நுரைத்ததும் அலசினால் விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பு போய்விடும். அப்புறம் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்தினால் போதும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும். கீரையை நாம் வேரோடு பிடுங்குகிறோம், அதனால் நகரத்தில் பலர் கீரை கதிர் விடுவதைப் பார்த்ததே இல்லை. இரண்டு தண்டை விட்டுவைத்தால் ஊருக்கே விதை கிடைக்கும்.

கலப்புதான் கொஞ்சம் சிக்கல். தக்காளியும் கொத்தவரையும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்க்கும். கத்தரி, மிளகாய், வெண்டை ஆகியவற்றில் தேனீ பக்கத்து ரகத்தின் மகரந்தத்தையும் கொண்டுவரும். சான்று பெற்று விற்கும் விதையை எடுக்கும் வயலுக்கு, வேறு ரகம் நிற்கும் வயலிலிருந்து தக்காளியில் 25 மீட்டர், கத்தரியில் 100 மீட்டர், மிளகாயிலும் வெண்டையிலும் 200 மீட்டர் இடைவெளி விதித்திருக்கிறார்கள். மொட்டை மாடியில் அதற்கு எங்கே போவது? பூ விரிவதற்கு முந்தின மாலையே மொட்டுக்கு ஒரு சின்ன வலைத்துணிப் பையை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றும் தனக்குள்ளேயே மகரந்தம் சேர்ந்து காய்க்கக் கூடியவை. கத்தரிக்கு மட்டும் காலையில் பையோடு லேசாகச் சுண்டிவிட்டால் நல்லது. பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு, அந்தக் காயில் நூல் கட்டிவைக்கலாம். இதை ஒரு சின்னப் படமாகப் போட்டாலே புரிந்துவிடும்.

பிற்பாடு சுரை விதையும் கொடுப்பதாக இருந்தால் ஓர் எச்சரிக்கையும் கட்டாயம் வேண்டும். காய் கசந்தால் சாப்பிடக்கூடாது, விதையும் எடுக்கக்கூடாது. கசப்புச் சுரைச் சாறு குடித்து நம் நாட்டில் உயிரே போயிருக்கிறது.

சேமிக்கும் முறையை நம் பாட்டிகளிடமிருந்தே எடுத்துக்கொள்ளலாம். பூசணி, பாகல் விதைகளைச் சாணத்தில் பதித்துச் சுவரில் அப்பிவைத்தார்கள். மற்றவற்றைச் சாம்பலில் புரட்டிக் குடுக்கையில் போட்டுவைத்தார்கள். அடுக்குமாடி வீட்டில் சாணத்துக்கு எங்கே போவது, சரி, நன்கு உலர்ந்த விதையும் காற்றுப் புகாத புட்டியும் போதும். ஈரம்தான் எதிரி. விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிவைத்து, ஏழெட்டு முளைத்தால் தைரியமாகப் போடலாம்.

சட்டத்தில் இதற்கு இடம் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் உழவருக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை வணிகப் பெயர் போட்ட முத்திரை விதையாக விற்பதற்குத்தான் தடை. இதையும் ஒரு வரியில் போடுங்கள், பயம் போகட்டும்.

கடைசியாக ஒன்று. பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட நெல் ஜெயராமன் திருத்துறைப்பூண்டிப் பக்கம் நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதைநெல் வாங்கியவர் அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதே ஏற்பாட்டைக் காய்கறிக்கும் வைத்துப் பாருங்கள். உங்கள் வட்டார அலுவலகங்களில் ஒரு மேசை, ரகப் பெயர் எழுதிய சில டப்பாக்கள், மாதத்தில் ஒரு நாள் போதும். கட்டாயம் வேண்டாம், விரும்பியவர் கொண்டுவரட்டும்.

ஆடிப்பட்டத்துப் பொட்டலம் அச்சுக்குப் போகும் முன் முடிவு செய்தால் இந்த ஆண்டே தொடங்கிவிடலாம். வாசகம் எழுதவும் படம் வரையவும் ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள். மாடித்தோட்டக்காரர்களில் அதற்கு ஆளுக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
ஒரு மாடித்தோட்டக்காரி