முதலில் என்னை விசாரியுங்கள்: சிறுவர் விளையாட்டுத் தன்னார்வலர்கள் குறித்த கோரிக்கை மனு

அனுப்புநர்:
சிறுவர் கால்பந்துக் குழு ஒன்றின் தன்னார்வப் பயிற்சியாளர் மற்றும் கீழே கையொப்பமிட்டுள்ள பெற்றோர்

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
விளையாட்டு மற்றும் இளைஞர் நலத் துறை

பொருள்: சிறுவர் விளையாட்டில் சேரும் தன்னார்வலர்களின் பின்னணியைச் சரிபார்க்க ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஏழு ஆண்டுகளாக ஊதியமின்றிக் கால்பந்து சொல்லித் தருகிறேன். சேர்ந்த அன்று என் பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொண்டு கையில் விசிலைக் கொடுத்தார்கள். முன்பு எங்கே பயிற்சி அளித்தேன், ஏன் விலகினேன், என் மீது வழக்கு ஏதும் உண்டா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. மாலையில் பந்துகளை மட்டும் தவறாமல் எண்ணி வாங்கி வைக்கிறார்கள். வெளியூர்ப் போட்டிகளுக்குப் பிள்ளைகளை என் காரில் அழைத்துச் செல்கிறேன். இரவு தங்கும் இடத்திலும் நானே பொறுப்பு. ‘நல்ல மனிதர்’ என்ற பேச்சு ஒன்றே எனக்குள்ள சான்றிதழ்.

இங்கிலாந்தின் கால்பந்துப் பயிற்சியாளர் பாரி பென்னலுக்கும் அப்படியொரு பெயர் இருந்தது. இளம் திறமைகளைக் கண்டெடுப்பவர் என்றார்கள். 1994இல் சிறுவர் அணியுடன் அமெரிக்கா சென்றிருந்தபோது கைதானார். சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த குற்றங்களுக்காக 2018இல் அவருக்கு 31 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவரைப் பற்றிய வதந்திகள் வெகுகாலம் முன்பே கிளப் நிர்வாகிகளின் காதுக்கு எட்டியிருந்ததை அந்நாட்டுக் கால்பந்தில் சிறுவர்கள் மீதான பாலியல் கொடுமைகளை ஆராய்ந்து 2021இல் வெளியான ஷெல்டன் அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

காவல்துறைச் சான்று ஒன்றே போதும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசர், சிறுமிகளைப் பாலியல் கொடுமை செய்தது 2016இல் அம்பலமாகும்வரை எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெற்றவரல்லர். அவர் மீது புகார்கள் இருந்தன, தண்டனை இல்லை. பதிவேட்டில் பிடிபட்டவர்கள் மட்டுமே இருப்பார்கள்.

ஆகவே, சான்று வந்து சேரும்வரை எவரையும் பிள்ளைகளுடன் தனியே விடக் கூடாது. அத்துடன், அவர் முன்பு இருந்த குழுவைத் தொலைபேசியில் அழைத்து, ‘இவரை மறுபடியும் சேர்த்துக்கொள்வீர்களா?’ என்று கேட்டறிய வேண்டும். கடிதத்தில் எழுதத் தயங்குவதைக் குரல் காட்டிக்கொடுத்துவிடும். எங்களை மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். புகார் எழுந்ததும் ‘சொந்தக் காரணங்களுக்காக விலகினார்’ என்று எழுதி, பூங்கொத்தும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அவர் அடுத்த மைதானத்துக்குப் போய்விடுகிறார். புகார் நிலுவையில் இருக்கும்போது விலகுபவர்களின் விவரத்தைத் துறைக்குத் தெரிவிப்பதைக் கட்டாயமாக்குங்கள். விசாரணையை விலகலோடு நிறுத்தாமல் முடிக்கச் சொல்லுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் மறுப்பும் கேட்கப்படட்டும், புகார் பொய்யென்று தெரிந்தால் அவர் பெயர் நீக்கப்படட்டும். என்றோ போக்குவரத்து விதியை மீறியவரை விரட்டுவது எங்கள் நோக்கமல்ல.

கட்டணம் வைத்தால் உதவிக்கு ஆள் வரமாட்டார்கள் என்று நிர்வாகிகள் சொல்வார்கள். நியாயம்தான். இங்கிலாந்தில் தன்னார்வலர்களுக்கு இந்தச் சோதனைக்கான அரசுக் கட்டணம் கிடையாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் அப்படியே. அங்கே அனுமதி ஐந்து ஆண்டுகள் செல்லும், இடையில் புதிய குற்றப் பதிவு வருகிறதா என்றும் தொடர்ந்து கவனிக்கிறார்கள். இங்கும் செலவைத் துறையே ஏற்க வேண்டுகிறோம்.

என் அடையாள அட்டையின் நகலையும், என்னைப் பற்றி விசாரிக்கச் சம்மதம் தெரிவிக்கும் கடிதத்தையும், நான் முன்பு பயிற்சி அளித்த இரண்டு குழுக்களின் தொலைபேசி எண்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பயிற்சியாளர் மற்றும் பெற்றோர்