வார்டுக்குப் போகும் மருமகளுக்கு

அன்பு மருமகளுக்கு,

நர்சிங் படிப்பில் விளக்கேற்றும் விழா முடிந்து, திங்கள்கிழமை முதல் மெடிக்கல் வார்டில் போஸ்டிங் என்று உன் அப்பா சொன்னான். ரொம்ப சந்தோஷம். கல்லூரியில் ஆன்மிக நுண்ணறிவு என்று 24 கேள்விகள் உள்ள தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்களாமே. "சாமி கும்பிடுகிறவர்களுக்கு மார்க் அதிகமா அத்தை?" என்று போனில் கேட்டாய்.

அப்படி இல்லை. டேவிட் கிங் என்பவர் 2008இல் கனடாவின் டிரென்ட் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய கேள்விகள் அவை. எதற்காக வாழ்கிறோம் என்று யோசிக்கிறாயா, செய்கிற காரியத்தில் அர்த்தம் காண்கிறாயா என்பது போலக் கேட்கும். கோயிலா, சர்ச்சா, பள்ளிவாசலா என்று கேட்காது.

வார்டில் இது எங்கே தெரியும் என்று சொல்கிறேன். காய்ச்சல், நாடித்துடிப்பு, மூச்சு மூன்றையும் குறிக்கும் டி.பி.ஆர். சார்ட்டை எடுத்துப் பார். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிவிடும், பல்ஸை ஆக்சிமீட்டர் காட்டிவிடும். நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு என்பதை மட்டும் நீதான் நின்று எண்ண வேண்டும். அதனால்தான் பல இடங்களில் கட்டில் கட்டிலாக 20, 20, 20 என்று எழுதி வைத்திருப்பார்கள். யாரும் கேட்கவும் மாட்டார்கள். ஆனால் நோயாளிக்கு உடம்பு மோசமாகப் போவதைப் பல நேரம் முதலில் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். காலையில் 18 இருந்தவருக்கு மதியம் 26 என்றால், பிரஷர் இறங்கும் முன்பே டாக்டரைக் கூப்பிட்டுவிடலாம். எண்ணாமல் 20 என்று போட்டால் அந்த நேரம் போயே போச்சு.

நாடி பிடித்தபடியே நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார். எண்ணுகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் மூச்சு விடும் விதமே மாறிவிடும். முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு. அதற்காக உன்னை யாரும் பாராட்டப் போவதில்லை. இது யாருக்காக என்ற கேள்விக்கு உனக்குள் பதில் இருந்தால்தான் அங்கே நிற்பாய். பொறுப்பும் அந்த நுண்ணறிவும் வேறு வேறு என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சிசிலி சாண்டர்ஸைப் பற்றிப் படி. 1967இல் லண்டனில், சாகும் நிலையில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கியவர். முதலில் நர்ஸ், பிறகுதான் டாக்டர். ஆழ்ந்த பக்தி உள்ளவர். சாகக் கிடப்பவரின் வலி உடம்போடு முடிவதில்லை. மனசிலும் குடும்பத்திலும் ஆன்மாவிலும் இருக்கிறது என்றார். அதே அம்மா, வலி திரும்பி வருவதற்குள் மணி பார்த்து மார்ஃபின் என்ற வலி மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பதிலும் அவ்வளவு கண்டிப்பு! அவருடைய பக்தியை நான் அந்த மருந்து அட்டவணையில்தான் பார்க்கிறேன்.

அப்புறம், யாராவது "எனக்கு ஏன் இப்படி ஆச்சு?" என்று கேட்டால், எல்லாம் விதி என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை, கொஞ்ச நேரம் பக்கத்தில் இரு. ஏதாவது ரீடிங் எடுக்க விட்டுப்போனால் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டு, சிஸ்டரிடம் போய்ச் சொல். திட்டுவார்கள், வாங்கிக்கொள். கற்பனையாக மட்டும் எதையும் நிரப்பாதே.

வினாடி முள் வைத்த வாட்ச் இருக்கிறதா? இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்பாவிடம் சொல்லி வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அத்தை